அம்மாவின் பல், என் பெயர்

என் வாயில் இடது பக்கம், கீழ்வரிசையில், ஒரு கடைவாய்ப் பல் இல்லை. சொத்தை முற்றிப் போனது என்றுதான் கேட்பவர்களிடம் சொல்லிவந்தேன். உண்மையில் அதை நானே தேடிப் போய், கையிலிருந்து காசு கொடுத்து, பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒரு தாளில் எழுதியிருந்த பொய்யை மெய்யாக்க வேறு வழி தெரியவில்லை. இருபத்தாறு வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். எழுபதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டில் யாருக்குப் பல் வலித்தாலும் அப்பா ஆபீஸில் ஒரு லெட்டர் வாங்கி வருவார். அதை எடுத்துக்கொண்டு அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனால் வைத்தியம் இலவசம். லெட்டரின் தலையில் அப்பாவின் பெயர் பெரிதாக இருக்கும். வைத்தியம் யாருக்கு என்பது கீழே எங்கோ பொடி எழுத்தில். அதைத் தேடிப் படிக்க நர்ஸுக்கு ஏது பொறுமை? அப்பாவின் பெயரைக் கத்திக் கூப்பிடுவார். அம்மா எழுந்து போவார், அல்லது நான் எழுந்து போவேன். எட்டு வயதுப் பெண் ஓர் ஆணின் பெயருக்கு எழுந்து போவதை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்த்ததில்லை. பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோருமே புருஷனின் பெயரோ அப்பாவின் பெயரோ எப்போது வரும் என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

பல் விஷயத்தில் பள்ளிக்கூடமும் எங்களை விட்டுவைக்கவில்லை. பிளாஸ்டிக் குவளையும் பிரஷும் கொண்டுவரச் சொல்லி, வகுப்பு மொத்தத்தையும் கால்வாய் ஓரமாக வரிசையாகக் குந்தவைப்பார்கள். ஆசிரியை எண்ண எண்ண மேலும் கீழும் தேய்க்க வேண்டும். பக்கத்திலிருப்பவள் துப்புவது என் காலில் தெறிக்கும். நான் அவள் குவளையைத் தட்டிவிடுவேன். சண்டை போட்டாலும் பல் சுத்தமானது.

அம்மாவுக்கு அந்தப் பாடமெல்லாம் கிடைக்கவில்லை. காலையில் விரலில் பற்பொடி தொட்டு நாலு இழுப்பு, பிறகு கெட்டிப்பால் ஊற்றிய கோப்பி. நாளைக்கு ஐந்து கோப்பி. நான் பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். அதை வைத்து முருகன் படத்தின் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்தார்.

அப்பா போன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானுக்கு வந்தோம். அப்பாவோடு அந்த லெட்டரும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டோம். விசாரித்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஆபீஸில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, கிடைத்தது. தொழிலாளர்களின் லீவு, மருத்துவம், பல் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். பல் வலி என்று யாராவது வந்து நின்றால் நான் ஒரு லெட்டர் தட்டச்சு செய்வேன், மேனேஜர் கையெழுத்துப் போடுவார், கம்பெனியின் கிளினிக்கில் அதைக் காட்டினால் போதும். அடைப்பதற்கும் பிடுங்குவதற்கும் கம்பெனி கொடுக்கும். ஆனால் வேலை செய்பவருக்கு மட்டும். குடும்பத்துக்குக் கிடையாது.

ஒரு வருடம் தீபாவளி முடிந்த கையோடு அம்மாவுக்குப் பல் வலி வந்தது. கிராம்புத் தைலத்தில் பஞ்சை நனைத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் சமாளித்தார். மூன்றாம் நாள் கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிவிட்டது. கஞ்சி கூட இறங்கவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் விடிவதற்குள் நம்பர் தீர்ந்துவிடும், அந்த முகத்தோடு அவரை எப்படி வரிசையில் நிறுத்துவது? நான் ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக என் பெயரிலேயே ஒரு லெட்டர் தட்டினேன். மேனேஜர் யாருடைய பெயர் என்று கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் கொடுத்தேன்.

"கம்பெனியில அம்மாவுக்கும் உண்டும்மா. இத காட்டுங்க, போதும்."

அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் போயிருக்கவே மாட்டார். பாசாரில் மீன்காரர் பாக்கிச் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்தவர் அவர். அந்த வெயிலில் மீன் நாறிப்போகிறதே என்று நான் கத்தியும் கேட்கவில்லை.

அவர் தனியாகத்தான் போனார். நானும் கூடப் போய் நின்றால் காரியம் கெட்டுவிடும். சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது வாயில் பஞ்சோடு, ஆனால் முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தார். பஞ்சைத் துப்பியதும் முதலில் சொன்னது இதுதான்:

"உன் பேரக் கூப்பிட்டாங்க. நான் எந்திரிச்சேன். உங்கப்பா பேரக் கூப்பிடுற மாதிரியே இருந்துச்சுடி."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. ஆனால் என் கலக்கத்தில் பாதி பயம்.

பிறகு அந்தக் கதை எங்கள் வரிசை வீடுகள் முழுக்கச் சுற்றியது. கோயிலில், கறிவேப்பிலை கேட்டு வரும் அக்காவிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் ஆன்டியிடம். "என் மக கம்பெனியில பெத்தவங்களுக்கும் பல்லு பாக்குறாங்க. அவ பேரச் சொன்னா போதும்." நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்த வருடம் எங்கள் லோரி டிரைவர் ஒருவர் தன் லெட்டரைக் கொடுத்து மச்சானைக் கிளினிக்குக்கு அனுப்பி, கையும் களவுமாகப் பிடிபட்டார். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நிறுத்தும் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். 'நம்பிக்கைத் துரோகம்' என்று மேனேஜர் சொல்லச் சொல்லத் தட்டினேன். அந்த அண்ணே கடிதத்தை வாங்கும்போது, "வலில துடிச்சான் லா தங்கச்சி, என்ன செய்ய?" என்றார். நான் நகலில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே, அடுத்தது நான்தான் என்று நினைப்பேன். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அந்த வேலை போனால் நாங்கள் இருவரும் தெருவில்தான்.

அது ஆறுவதற்குள் இன்னொன்று வந்தது. பல் செலவை இனிமேல் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொருவரின் வாயையும் ஒரு டாக்டர் சோதித்து, இரண்டு வரிசைப் பல் வரைந்த தாளில், இல்லாத பல்லுக்கெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி போட வேண்டும். பழைய பல் வைத்தியத் தாள்களையும் அதோடு இணைத்து அனுப்ப வேண்டும். இணைக்கும் வேலை யாருக்கு? எனக்குத்தான்.

அம்மாவின் பல்லுக்காகக் கிளினிக் என் பெயரில் எழுதிய பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். இடது, கீழ், கடைவாய், பிடுங்கப்பட்டது. நாக்கால் தடவிப் பார்த்தேன். பல் கல் மாதிரி நின்றது. தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. ஆனால் ஒரு நகல் கணக்குப் பிரிவில் இருந்தது, இன்னொன்று கிளினிக்கில். சோதனைக்கு ஒன்பது நாள் இருந்தது. தாளை மாற்ற முடியாது. அப்படியானால் வாயைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். இன்று எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று அது எனக்குப் பெரிய மூளையாகத் தெரிந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறிப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். கிள்ளானில் எந்தக் கிளினிக்கில் நுழைந்தாலும் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருக்கும். டாக்டர் நடுத்தர வயதுத் தமிழர். கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "சின்ன சொத்தைதான்மா. அடைச்சா ரொம்ப வருஷம் ஓடும். எதுக்கு பிடுங்கணும்?" என்றார்.

"வலி தாங்கல டாக்டர்."

அவர் கம்பியால் பல்லைத் தட்டினார். நான் துள்ளியிருக்க வேண்டும். மறந்துபோய்ச் சும்மா இருந்துவிட்டேன்.

"வலிக்கிற மாதிரி தெரியலையே?"

"எங்க குடும்பத்துல பல்லு நிக்காது டாக்டர். எங்கம்மாவுக்கும் இதே பல்லுதான் போச்சு. இன்னைக்கு அடைச்சாலும் நாளைக்கு போயிரும்." கொஞ்சமும் வாய் கூசாமல் சொன்னேன்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னார். லீவு கிடைக்காது என்றேன். அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் அவர் கோபத்தோடுதான் ஊசியை எடுத்தார். பல் லேசில் வரவில்லை. வந்த பிறகு கழுவி என் கண்ணுக்கு முன்னால் பிடித்து, "வேரப் பாரு, எவ்வளவு உறுதியா இருக்குன்னு," என்றார். நான் பார்க்கவில்லை.

சோதனை தொழிற்சாலைக் கேன்டீனில் நடந்தது. ஜன்னல் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, டாக்டர் கையில் ஒரு டார்ச் லைட். என் முறைக்கு இரண்டு நிமிடம் ஆகவில்லை; பல் போன இடம் இன்னும் ஆறாததை அவர் கவனிக்கவில்லை. அவர் ஒரு நம்பரைச் சொன்னார், நர்ஸ் ஒரு சிவப்புக் குறி போட்டார். தாள்கள் உறையில் போயின. அந்த இரண்டு தாள்களையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வேலை நிலைத்தது. சம்பளமும் கூடியது.

அம்மாதான் நிலைகுலைந்தார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நான் வீங்கிய கன்னத்தோடு வந்த அன்றே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "அதே பல்லு. என் கர்மம் உனக்கும் வந்திருச்சு," என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் மற்றதெல்லாம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு தினமும் எனக்கு உப்புத் தண்ணீர் சுடவைத்துக் கொடுத்தார். கெட்டிப்பால் டின்னை எனக்கு எட்டாமல் மேல்தட்டில் வைத்தார். தானும் கோப்பியை நிறுத்தினார், பரிகாரம் போல. ஐந்து கோப்பி குடித்த மனுஷி வெந்நீர் குடிப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சல் அவர் மேல் இல்லை என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, ஜெஞ்சாரோமிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் தேநீர்த் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். அப்போது பார்த்து அம்மா மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"மறைக்காம ஒண்ணு சொல்லிடறேன். எங்க பொண்ணுக்கு உள்ள ஒரு பல்லு இல்ல. வெளிய தெரியாது. அது என் ரத்தம், எனக்கும் அதே பல்லு போச்சு. அவ மேல குத்தம் இல்ல."

"ஐயோ அக்கா, எனக்கு மேல் வரிசையே செட்டு!" என்று அந்த அம்மா சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுக் கிளம்பியதும், அம்மா கோப்பைகளை அடுக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். லெட்டர், டிரைவர், சிவப்புக் குறி, பிரிக்பீல்ட்ஸ். "உங்க ரத்தம் இல்லம்மா. நான் செஞ்சது," என்றேன். அவர் மனப்பாரம் இறங்கும் என்று நிஜமாகவே நம்பினேன்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "நல்ல பல்லா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

பிறகு மெல்லச் சொன்னார்:

"அன்னைக்கு நான் அந்த டாக்டர்கிட்டயே சொன்னேன்டி. என் மக கம்பெனியில அனுப்பிச்சாங்க, அவ பேருதான் அதுன்னு. நர்ஸுகிட்டயும் சொன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சாங்க. நல்ல மனுஷங்கன்னு நெனச்சேன்." கோப்பை ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அடுத்த முறை பல் வலித்தபோது அம்மா என்னிடம் சொல்லவில்லை. விடிவதற்கு முன்னாலேயே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், வரிசையில் நின்று, தன் பெயரில் நம்பர் வாங்கிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். குப்பைக்கூடையில் ரத்தப் பஞ்சைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.