பிரதியில் இல்லாத பேச்சு

என் அக்காவுக்கு அச்சகத்தில் 'சிவப்புப் பேனா' என்று பெயர். இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறவள். மருந்துச் சீட்டு, பேருந்தில் ஒட்டிய அறிவிப்பு, யாரோ வீட்டு வாசலில் தொங்கும் 'வாடகைக்கு' அட்டை என்று கண்ணில் பட்ட எதையும் சும்மா விட்டதில்லை. என் கல்யாணப் பத்திரிகையை மூன்று தடவை திருத்தினாள். இன்னும் ஒரு நாள் கிடைத்திருந்தால் மாப்பிள்ளையான என்னையும் மாற்றியிருப்பாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். என் மனைவிக்கும் அதே அச்சகத்தில்தான் வேலை. இவள் கைப்பிரதியை உரக்கப் படிப்பாள், கமா, புள்ளி உட்பட. அக்கா எதிரே உட்கார்ந்து அச்சுத்தாளில் தொடர்ந்து வருவாள். காதில் விழுந்தது தாளில் இல்லையென்றால் பேனா இறங்கும். நான் அதே அறையில் கணினியில் பக்கம் அமைப்பவன். சுவரில் முதலாளி ஒட்டிய விதி ஒன்றுதான்: 'படிக்கும்போது பிரதியில் இல்லாத பேச்சு கூடாது.'

என் மாமனாருக்கு எண்பது வயது. காது கேட்காது என்பதால் கடிதம்தான். மாமியார் போனபிறகு அவர் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. ஒருநாள் இவள் அவருக்கு நான்கு பக்கம் எழுதி, சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து பார்த்தால் கடிதம் முழுக்கச் சிவப்பு. மூன்றாம் பக்க ஓரத்தில், 'இதே விஷயம் இரண்டாம் பக்கத்திலும் வருகிறது' என்று ஒரு குறிப்பு வேறு.

"எங்கப்பாவுக்கு நான் எழுதினது அண்ணி இது. பாடப் புத்தகம் இல்ல."

"யாருக்கு எழுதினா என்ன, தப்பு தப்புதானே?"

இவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிழித்துப் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்தோம். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளம் நான். குழம்பில் உப்பு போதுமா என்பதுகூட என் வழியாகத்தான் போய் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அச்சகத்தில் இருவரும் நாளெல்லாம் எதிரெதிரே உட்கார்ந்து, இவள் கத்த அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வந்திருந்தது ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதிய புத்தகம், ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கில வினைச்சொற்களைப் பற்றி. வாயால் படித்துக் காதால் பிடிக்கிற எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. அதனால் ஒவ்வொன்றுக்கும், அதையும் என் வழியாகவே பேசி, பட்டப்பெயர் வைத்தார்கள். தைப்பது 'தையல் சோ', விதைப்பது 'விதை சோ'. மணியடிப்பது 'மணி ரிங்', துணி பிழிவது 'பிழி ரிங்'. பிழி ரிங்குக்கு முன்னால் ஒரு காலத்தில் 'வ்' என்று இன்னொரு ஒலியும் இருந்ததாம். சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது என்கிறார் ஆசிரியர். படுத்துக்கொள்ளும் 'லை'யும் பொய் சொல்லும் 'லை'யும் வேறு வேறு வேரில் பிறந்து, நாளாவட்டத்தில் ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தவை. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட, ஒரே பெயர் கொண்ட இரண்டு மருமகள்கள் மாதிரி. இவள் 'பொய் லை'யை மட்டும் அழுத்திப் படித்து, அக்காவை நிமிர்ந்து பார்ப்பாள். அக்கா தாளே கிழிகிற மாதிரி ஒரு கமா போடுவாள்.

ஐந்தாவது வாரம் அக்கா என்னிடம் சொன்னாள். "ரெண்டு தெரு தள்ளி ஒரு ரூம் பாத்திருக்கேன்டா. ஞாயித்துக்கிழமை போறேன். மரியாதை இருக்கும்போதே கிளம்பிடணும்."

அப்பா அம்மா இல்லாத வீட்டில் என்னைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மனைவியிடம் சொன்னேன். இவள் கேட்டுக்கொண்டே துணியை மடித்து அடுக்கினாள். நன்றாகக் கோபம் வந்தது எனக்கு.

சனிக்கிழமை மதியம் கடைசிப் பக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. குணமாக்கும் 'ஹீல்', செருப்புக்குக் குதிகால் வைக்கும் 'ஹீல்'. குணமாக்குவது, 'முழுமை' என்று பொருள்படும் ஒரு பழஞ்சொல்லிலிருந்து வந்ததாம். அதைப் படித்து முடித்து இவள் தாளைத் திருப்பினாள். அதே குரலில் தொடர்ந்தாள்.

"மகளுக்கு, கமா, உன் கடிதம் வந்தது, புள்ளி. கறுப்பு மையில் இருந்ததை ஒரு தடவை படித்தேன், கமா, சிவப்பை மூன்று தடவை படித்தேன், புள்ளி."

அக்காவின் பேனா தாளில் மேலும் கீழுமாகத் தேடியது.

"உன் அம்மா போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான், புள்ளி. இதே விஷயம் இரண்டாம் பக்கத்திலும் வருகிறது என்று எழுதியிருந்த இடத்தில், புள்ளி. உன் அம்மாவும் என் பேச்சை அப்படித்தான் நிறுத்துவாள், புள்ளி. அடுத்த கடிதத்தையும் அந்தச் சிவப்பு மைக்கார அம்மாவிடம் காட்டிவிட்டு அனுப்பு, புள்ளி."

பேனா நின்றுவிட்டது.

"இது பிரதியில இல்லையே" என்றாள் அக்கா.

"இல்ல அண்ணி." இவள் குரல் இப்போது சாதாரணமாகிவிட்டது. "கோவத்துல நீங்க திருத்தின கடிதத்தை அப்படியே தபால்ல போட்டுட்டேன். உங்க லட்சணம் எங்கப்பாவுக்கும் தெரியட்டும்னுதான். பதில் வந்து எட்டு நாளாச்சு. எந்த முகத்த வச்சுக்கிட்டு சொல்றதுன்னு தெரியல."

அக்கா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். என் இடத்திலிருந்து பார்த்தபோதே அதில் மூன்று பிழைகள் தெரிந்தன. அவள் கண்ணுக்கு எத்தனை தெரிந்தனவோ. நிதானமாகப் படித்தாள். பேனாவை மூடி, கடிதத்தை மடித்து, இவளிடமே கொடுத்தாள்.

"அவருக்குப் பதில் எழுதிட்டியா?"

"நாளைக்குத்தான் எழுதணும்."

நாளை ஞாயிற்றுக்கிழமை. நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"எழுதி மேஜை மேலயே வை" என்றாள் அக்கா. "நான் வீட்லதான் இருப்பேன்."