கிணற்றுக்குள் இருந்த கடல்

மாலை நாலே முக்காலுக்கு மகளின் போன் அணைந்துபோனது. கல்லூரித் தோழிகளோடு புதைபடிவம் தேடி ஓடைக்குப் போயிருந்தாள். மழை கொட்டியது. ஜன்னலில் அவள் வைத்திருந்த களிமண் கட்டி சாரலில் நனைந்து மணத்தது.

சிறு வயதில் எங்கள் கிணற்றடியில் வந்த அதே மணம். என் அப்பா, நைனா, கிணற்றை ஆழப்படுத்த உள்ளே இறங்கியிருந்தார். மேலே வந்த மண்கூடையில் கல்லாகிப்போன சிப்பி ஒன்று கிடந்தது. கூடையை இழுத்த மாமா சிரித்தார்.

"இங்க முன்ன கடல் இருந்துச்சாம் பாப்பா. உங்க நைனா இப்ப அதுக்குள்ளதான் கீறாரு."

கடல் திரும்பி வந்துவிடுமென்று, நைனா மேலேறும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டு ஓடினேன். மகள் தொப்பலாக நனைந்து நின்றாள்.

"ஏம்மா பேயறஞ்ச மாதிரி நிக்கிற? போன்ல சார்ஜ் இல்ல. இத பாரு, இலையும் சிப்பியும் ஒரே கல்லுல கீது. நம்ம ஊரு முன்ன நடுக்கடல் இல்லம்மா, கரையோரம்."