தேய்த்த நாணயத்தின் விலை

நான் மீஞ்சூரில் ஏறும்போது லேடீஸ் பெட்டியில் எனக்கு ஒரு இடம் இருக்கும். எனக்கு முன்னாலேயே அத்திப்பட்டில் ஏறிவிடும் அக்கா தன் சாப்பாட்டுப் பையை வைத்துப் பிடித்திருப்பாள். சொந்த அக்கா இல்லை, ரயில் அக்கா. ஐம்பது வயது. கும்மிடிப்பூண்டியில் மருந்து பாட்டில் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை.

எனக்கு அங்கேயே ஒரு இரும்பு ஆலையின் லேபில் வேலை. உலையிலிருந்து வரும் சாம்பிளை கிரைண்டரில் தேய்க்க வேண்டும், மெஷினில் வைத்து ஒரு மின்பொறி விட வேண்டும். கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். தேய்க்காமல் வைத்தால் மெஷின் பொய் சொல்லும். கெமிஸ்ட்ரி டிகிரிக்கு மூன்று வருடமாக இதுதான் கிடைத்தது. அதே வண்டி, அதே கிரைண்டர், அதே பொறி. மூச்சு முட்டும்போதெல்லாம் போனைத் திறந்து நாணயங்களைப் பார்ப்பேன்.

அரசாங்க நாணயச் சாலை வெளியிடும் வெள்ளி செட்டுகள்தான் என் பைத்தியம். வெல்வெட் பெட்டி, உள்ளே காற்றுப் புகாத பிளாஸ்டிக் கூட்டில் நாணயம். அதன் தரை கண்ணாடி மாதிரி இருக்கும், உருவம் மட்டும் பனி படிந்த மாதிரி நிற்கும். சேகரிப்பவர்களின் குரூப் ஒன்றில் இருக்கிறேன். அங்கே கற்றுக்கொண்டது இது: நெட்டில் ஒருவன் என்ன விலை கேட்கிறான் என்று பார்க்காதே, கடைசியாக எவ்வளவுக்குக் கை மாறியது என்று பார். பழைய நூறு ரூபாய் வெள்ளி நாணயத்தில் பாதிதான் வெள்ளி. அந்தப் பாதியை உருக்கினால் வருவது அடிமட்ட விலை. அதற்கு மேலே இருப்பது எல்லாம் பெட்டி, கூட வரும் சான்றுப் பேப்பர், யாரும் தொடாத முகம், இவற்றுக்கான விலை.

இதையெல்லாம் ஒப்பிக்கத் தெரியும். சொந்தமாக ஒரு செட் கிடையாது. ஆறு மாதம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி விலை கன்னாபின்னாவென்று ஏறிய சமயம். ரயில் பெட்டியில் எல்லோருக்கும் அதே பேச்சு. அக்காவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. முதல் கொலுசு அம்மா வீட்டுச் சீர். ஒரு ஜோடியைக் கடையில் விசாரித்துவிட்டு வந்து, "எட்டாயிரம் கேக்குறான் பாப்பா, பேஜாரா கீது" என்றாள். பிறகு, இருபது வருடம் லீவு போடாமல் வந்ததற்குக் கம்பெனியில் ஒரு வெள்ளிக் காசு டப்பா கொடுத்தார்களாம், அதைத் தட்டானிடம் போட்டு உருக்கிவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். போனில் போட்டோ காட்டினாள்.

ஓரம் மட்டும் லேசாகப் பழுப்பேறிய பழைய நூறு ரூபாய் நாணயம். சீல் உடையாத கூடு. பேப்பர்கூட இருந்தது. போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"ஐயோ அக்கா, உருக்காதீங்க. பாதிதான் வெள்ளி. தட்டான் ஒன்னும் தரமாட்டான். எனக்கே குடுங்க, எட்டாயிரம் தரேன்" என்றேன். கொலுசுக் கணக்கு வாயில் அப்படியே வந்துவிட்டது. பேப்பரைத் தொலைக்காதீங்க, பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க, யாருக்கும் கொடுத்திடாதீங்க என்று பொன்னேரி வரும்வரை மூச்சுவிடாமல் சொன்னேன்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "நாயமான வெலதானே? எனுக்கு இன்னா தெரியும், நீதான் படிச்ச பொண்ணு."

"நியாயமான விலைக்கா."

அந்த மாதிரி செட் போன மாதம் குரூப்பில் பதினோராயிரத்துக்குப் போயிருந்தது. எனக்குத் தெரியும். எட்டு என்றால் அக்காவுக்குக் கொலுசு, எனக்கு செட், யாருக்கு என்ன குறை என்று அப்போது தோன்றியது. விலையைச் சொல்கிற ஆளும் வாங்குகிற ஆளும் ஒருத்தியே என்றால் அது எப்படி நியாய விலை ஆகும் என்ற யோசனை, கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போகும்போதுதான் வந்தது. ஆனால் பெட்டி முழுக்க சாட்சி. சொன்னது சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அத்திப்பட்டுக்குப் போனேன். அனல் மின் நிலையங்களுக்குப் பக்கத்து ஊர். கொடியில் காயும் துணி, ஜன்னல் கம்பி, குடத்து மூடி எல்லாவற்றிலும் சாம்பல் படியும். அங்கே இருக்கும் பெண்களுக்குத் துடைப்பதும் தேய்ப்பதும்தான் பாதி ஆயுசு. இது எனக்குத் தெரியாததில்லை.

அக்கா டீ கொடுத்தாள். பிறகு ஒரு எவர்சில்வர் தட்டில், வெற்றிலை பாக்கு மேலே நாணயத்தை வைத்துக் கொண்டுவந்தாள். வெறும் நாணயம். பக்கத்தில் பிளாஸ்டிக் கூடு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"கத்தியால நெம்பித் தொறந்தேன். ஓரமெல்லாம் கறுத்துக்கினு இருந்துச்சு. எலுமிச்சம்பழம் போட்டு ஊறவச்சு, விபூதி வச்சுத் தேச்சேன். இப்ப பாரு, குத்துவிளக்காட்டம் கீது."

பளபளவென்றுதான் இருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடித் தரை முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கீறல். உருவத்தின் மேல் இருந்த பனி போயே போய்விட்டது. குரூப்பில் இதைப் போட்டால் ஒருவனும் தொடமாட்டான். உருக்குகிற விலைதான். லேபில் தினமும் அறுபது சாம்பிள் தேய்க்கிற கைக்கு, ஒன்றைத் தேய்க்காதே என்று சொல்லத் தோன்றவில்லை. பேப்பர், பெட்டி, விலை, எல்லாம் பேசினேன். தேய்க்காதீங்க என்ற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன்.

"இன்னா பாப்பா, முகம் ஒரு மாதிரி கீது?"

"வெயில்லே வந்ததுக்கா."

"நீ வந்து பாக்கறேன்ன. அழுக்கோடவா காட்றது? மரியாதியா இருக்காது."

உள்ளே அக்காவின் மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் கால் வெறுமையாகத் தொங்கியது. உண்மையைச் சொன்னால் அக்கா எட்டாயிரத்தை வாங்கமாட்டாள், அவள் குணம் அப்படி. சொல்லாவிட்டால் என் ஆறு மாதம் போச்சு. எழுந்து போகலாம் என்றால் எதிரே வெற்றிலைத் தட்டு. பணத்தைத் தட்டில் வைத்தேன். பிளந்த கூட்டையும் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெட்டியில் ஏறியதும் அக்கா சொந்தப் பெண்ணைக் காட்டுவது மாதிரி என்னைக் காட்டினாள். நாயமான கை என்றாள். புதன்கிழமைக்குள் மூன்று பேர் வீட்டில் கிடக்கும் காசுகளைப் பற்றி விசாரித்துவிட்டார்கள். வியாழக்கிழமை, கவரப்பேட்டையில் இறங்கும் ஒரு அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். கல்யாணப் பரிசாக வந்த செட்டாம், கூட்டோடு அப்படியே இருந்தது. "கறுப்பா கீதேம்மா, தேச்சுக் குடுத்தா வெல கூட வருமா? இவங்க அப்படித்தான் குடுத்தாங்களாமே?" என்று அக்காவைக் காட்டிக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து வண்டி பொன்னேரி தாண்டி நின்றுவிட்டது. எக்ஸ்பிரசுக்கு வழி விட்டு எங்கள் வண்டி நிற்பது வழக்கம்தான். மின்விசிறி மட்டும் சுற்றியது. இறங்க இடமில்லை, போனைப் பார்க்கிற மாதிரி நடிக்கவும் முடியவில்லை. இன்று வாயை மூடிக்கொண்டால் அந்த அம்மா போய் எலுமிச்சம்பழம் வாங்குவார்.

"தேய்க்காதீங்கம்மா. கூட்டைத் திறக்கவே திறக்காதீங்க. தேய்ச்சா வெறும் உலோக விலைதான்."

எக்ஸ்பிரஸ் கடந்து போகிறவரை யார் பேசினாலும் கேட்டிருக்காது. அது போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், குடிக்காமல் மூடினாள்.

"அப்ப என்னுது?"

"அது போச்சுக்கா."

"அன்னிக்கே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"தொறக்க வேண்டிய நேரத்துல வாய மூடிக்கினு, மூட வேண்டிய நேரத்துல தொறக்கற. இன்னாடி படிச்ச நீ?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எட்டாயிரமும் கொலுசுக் கடைக்குப் போய்விட்டது, திருப்பித் தர வழியில்லை, அதுதான் அவளுக்கு உறுத்தல் என்று முகத்தில் தெரிந்தது. "இந்தக் கடனுக்கு நான் இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டாள். நான்தான் சொல்லாமல் விட்டேன், தப்பு என்னுடையது, அதனால் நஷ்டமும் என்னுடையது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாளே தவிர, ஒத்துக்கொள்ளவில்லை.

வண்டி நகர்ந்தது. கும்மிடிப்பூண்டி வரும்போது கூட்டம் கதவுப் பக்கம் நெருக்கியது. அக்கா என் பையைத் தன் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள்.

"ஞாயித்துக்கெழம கொலுசு போடறோம். வந்துடு. எனுக்குக் குடுத்ததுல பாதி உன் சீருன்னு நான் ஊட்ல சொல்லிக்கறேன்" என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, "என்னை மாதிரி ஏமாளிக்கு இவ்ளோ நாயம் பாக்காத, அடுத்தவன்கிட்ட ஏமாந்துடுவ" என்றாள்.

பதினோராயிரம் என்ற எண் வாய் வரை வந்தது. பின்னால் இருந்து தள்ளினார்கள். அக்கா இறங்கினாள், நானும் இறங்கினேன். அதைச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஒரே வண்டிதான், ஒரே பெட்டிதான்.