கழுவி வந்த டிபன் பெட்டி

கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் என் கணவர் ஒரு தம்ளரைக்கூடக் கழுவி வைத்ததில்லை. அப்படிப்பட்டவர் இரும்புக்கடை வேலைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் டிபன் பெட்டி, ஒருநாள் சாயங்காலம் பளிச்சென்று கழுவித் துடைத்து வந்தது. எனக்குச் சுருக்கென்றது.

அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து அப்போது இரண்டாவது மாதம். தெரிந்த அன்றே காரைக்குடியில் எங்கள் வீட்டு அடுப்படியைத் தலைகீழாக மாற்றியிருந்தேன். வழிகாட்டி என் கைப்பேசி. அரிசி விஷம் என்றது ஒரு வீடியோ, நிறுத்தினேன். தேங்காய் ரத்தக்குழாயை அடைக்கும் என்றது இன்னொன்று, அதையும் நிறுத்தினேன். சிறுதானியம் எவ்வளவு சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறாது, கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று நம்பி, தினையில் கருப்பட்டிப் பொங்கல் வைத்துப் பெட்டி கொள்ளாமல் அடைத்தனுப்பினேன். துணைக்கு நானும் காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் குடித்தேன். ராத்திரி பட்டினி.

முதல் மாதம் ரத்தம் பார்த்ததில் சர்க்கரை கூடியிருந்தது.

"எங்கயோ வாங்கித் திங்கிறீக," என்றேன்.

"நீ குடுக்குறதத்தான் திங்கிறேன்," என்றார்.

நம்பவில்லை. சட்டைப் பைகளைத் துழாவினேன், கைக்குட்டையை மோந்து பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டி கழுவி வரத் தொடங்கியது. கேட்டால், "கடையில குழாய் இருக்குல்ல," என்பார், என் முகத்தைப் பார்க்காமல். பெட்டியிலோ நாங்கள் வாங்காத சோப்பின் வாசனை. அது ஒரு பெண் கழுவிய பெட்டி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூடியின் விளிம்பு இடுக்கில்கூட ஒரு பிசுக்கு இல்லை.

இரண்டு மாதம் இப்படிப் பொருமிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸில் அரைநாள் விடுப்புப் போட்டேன். டவுன் பஸ் ஏறி, அவர் வேலை பார்க்கும் கோட்டையூர் இரும்புக்கடைக்கு எதிரே குடையை விரித்து நின்றேன். ஒரு மணிக்குப் பெட்டியோடு வெளியே வந்தார். பின்தெருவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். செருப்பைக் கழற்றிய விதத்தில் அவர் அங்கே புதிதில்லை என்று தெரிந்தது.

வாசலில் போய் நின்றேன். உள்ளே நாலு மேசை, எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஒரு மெஸ். என் கணவர் இலைமுன் உட்கார்ந்திருந்தார். என் வயதுப் பெண் ஒருத்தி அவருக்குக் கீரை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க இங்குட்டு?" என்று எழுந்துவிட்டார் அவர்.

"பெட்டிய யாரு கழுவுறான்னு பாக்க வந்தேன்."

"நான்தாங்க்கா கழுவித் தாரேன்," என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் பதறாமல். "பொங்கல கோழிக்குப் போட்டுருவோம். உங்க தினையத் தின்னு அதுக கொழுத்துப்போச்சு. உக்காருங்க."

கோபத்தில் இலையைத்தான் பார்த்தேன். சோறு ஒரு சிறு கரண்டி. மிச்சமெல்லாம் அவரைக்காய்ப் பொரியல், கீரை, பருப்பு, அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைத்த வெண்டைக்காய் மண்டி.

"சர்க்கரைன்னு சொன்னாக. அதான் சோத்தக் குறைச்சு, காயக் கூட வச்சேன். எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான்," என்றாள்.

எண்ணெய் எவ்வளவு என்று பொரியலை விரலால் தேய்த்துப் பார்த்தேன். அந்த விரலை அப்படியே வாயில் வைத்துவிட்டேன். அவ்வளவு பசி. எனக்கும் இலை போட்டாள். நாலு மாதம் கழித்துச் சோற்றைத் தொட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் தலைநிமிராமல், "உன் மனசு நோகும்னுதான் சொல்லல," என்றார்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் எனக்கு ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதினார்கள். உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் பொங்கல் கதையைச் சொன்னேன்.

"தினையும் மாவுச்சத்துதாம்மா. கருப்பட்டியும் சர்க்கரைதான். எதுவானாலும் அளவு வேணும். நீங்க ஏன் பட்டினி கெடந்தீக?" என்று கேட்டாள்.

இப்போது வீட்டில் சோறும் உண்டு, தேங்காயும் அளவாக உண்டு. வீடியோ வந்தால் முதலில் அதன் கீழே என்ன மாவு விற்கிறார்கள் என்று பார்க்கிறேன். வாரம் ஒருநாள் அவர் அந்த மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார், என்னிடம் சொல்லிவிட்டு. மண்டியின் பக்குவத்தை மெஸ்காரியிடமே கேட்டு வந்து நாலு தடவை வைத்துப் பார்த்தேன். அந்த ருசி வரவில்லை. ஏதோ ஒன்றை அவள் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.