கையில் ஒரு பக்கெட்

ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓவியக் கல்வியில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். ஹால் டிக்கெட் வந்த அன்று மனைவி அதிலிருந்த என் போட்டோவை வெகு நேரம் பார்த்தாள். "பரவால்ல, பெயிலானா கூட பாவம்னுதான் தோணும்" என்றாள்.

சனி, ஞாயிறுகளில் திருவண்ணாமலையிலேயே வகுப்பு. மாணவர்கள் எல்லோரும் என்னைப் போலப் பல வருடம் சாக்பீஸ் பொடியைச் சுவாசித்த ஓவிய ஆசிரியர்கள். பௌர்ணமி வந்தால் பஸ்ஸில் இடமில்லை என்று மட்டம் போடுவோம். பிள்ளைகள் சொன்னால் நாங்கள் நம்பாத அதே காரணம்.

எழுத்துத் தேர்வில் எனக்குப் பயமில்லை. படித்த புத்தகங்களையும் படிக்காத புத்தகங்களையும் ஒரே தைரியத்தோடு குறிப்பிடத் தெரியும். செய்முறைத் தேர்வில்தான் மாட்டிக்கொண்டேன். பேராசிரியர் நம் பள்ளிக்கே வந்து, பின்பெஞ்சில் உட்கார்ந்து, நாம் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். முக்கியமான விதி ஒன்றுதான்: பிள்ளை வரையும் தாளில் ஆசிரியரின் கை படக் கூடாது.

கேட்க எளிது. ஆனால் ஓவிய வாத்தியாரின் கை யார் பேச்சையும் கேட்காது. கோணல் பானையைக் கண்டால், "இங்க குடு" என்று வாய் சொல்வதற்குள் அது பென்சிலைப் பிடுங்கியிருக்கும். எங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு வந்த ஓர் அதிகாரி, "எல்லாப் படமும் ஒரே ஆள் போட்ட மாதிரி இருக்கே" என்றார். பாராட்டு என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

முதல் தடவை ஒரு பையன் வரைந்த ஆட்டுக்குக் கால் நிமிர்த்தியதில் தோற்றேன். நிமிர்த்தியதே எனக்குத் தெரியாது. என்னைவிட இளையவரான அந்தப் பெண் பேராசிரியர் அருகில் வந்து, "சார், உங்க கையில இருக்கறது யாரோட பென்சில்?" என்று மெதுவாகக் கேட்டார். அதன் பிறகு ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் படிப்பு முதலிலிருந்து.

என்னோடு படித்த ஒரு டீச்சர் முதல் தடவையிலேயே தேறியவர். கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். அவரிடம் வழி கேட்டேன்.

"நான் துப்பட்டா முனைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டேன் சார். உங்களுக்கு அந்த வசதி கம்மி. கைக்கு வேற எதனா வேலை குடுங்க."

"கட்டிப் போட்டுட்டா?"

"பசங்க பயந்துடுவாங்க சார்."

தேர்வன்று ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு போனேன். பிரஷ் கழுவும் தண்ணீர் பக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி வகுப்பைச் சுற்றினேன். பிள்ளைகளிடம் தாங்கள் பார்த்த கூட்டம் ஒன்றை வரையச் சொல்லியிருந்தேன்.

கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையிலிருந்து வரும் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து தாள் முழுக்கக் கால்களாக வரைந்திருந்தாள். முழங்காலுக்கு மேல் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. என் விரல்கள் பக்கெட் பிடியிலேயே துடித்தன.

"தலையெல்லாம் எங்கம்மா?"

"பௌர்ணமிக்கு அம்மா கூட கற்பூரம் விப்பேன் சார். கீழ சாக்கு போட்டு உக்காந்துனு இருப்போம். காலுதான் தெரியும்."

தலைகளைச் சேர்த்துக் கொடுத்திருப்பேன். அழகாகவே சேர்த்திருப்பேன். பக்கெட் காப்பாற்றியது.

அவளோ பென்சிலை என்னிடம் நீட்டினாள். "எல்லாம் வெறும் காலு சார், போட்டுட்டேன். போலீசு ஷூதான் வரல. நீங்க போட்டுக் குடுங்க."

பின்பெஞ்சில் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் வலது காலை அவள் முன்னால் வைத்தேன். "இதப் பாத்துப் போடும்மா."

அவள் அவசரப்படுகிறவளாக இல்லை. எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. தண்ணீர் என் பேன்ட் மேல் தளும்பியது.

"பக்கெட்ட கீழ வெச்சிடலாமே சார்?" என்றார் பேராசிரியர்.

"வேணாம் மேடம். வெச்சா பெயிலாயிடுவேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஷூ முடியும் வரை காத்திருந்து, என் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டார். "தேறிட்டீங்க. இப்பவாவது வைங்க."

வைத்தேன். படத்தில் என் ஷூ மற்ற கால்களைவிட இரண்டு மடங்கு இருந்தது. லேஸ் எங்கெங்கோ போயிற்று. காலியான ஈரக் கை தானாகத் தாளை நோக்கி இறங்கியது.

அந்தப் பெண் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தண்ணி சொட்டுது சார்."