பாவுக் கஞ்சி

மோட்டார் காரின் ரேடியேட்டருக்குப் போடுகிற பித்தளை மூடி ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. கார் கைமாறி எத்தனையோ காலமாகிவிட்டது. விற்றபோது இந்த மூடியை மட்டும் கொடுக்காமல், தொலைந்துபோய்விட்டது என்று சாதித்தார் மாமா. என் அக்காளின் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். போன மாதம் அவர் காலமான பிறகு அது என்னிடம் வந்து சேர்ந்தது.

மாமாவுக்கு ராசிபுரத்தில் தறியும் ஜவுளி வியாபாரமும். கை சும்மா இராது. வாய் அதைவிடச் சும்மா இராது. யுத்த காலத்தில் காரின் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. பற்றவைக்க ஈயம் இல்லையென்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியை வடிகட்டி உள்ளே ஊற்றினார் மாமா. "நூல் பிசிரையே அடக்குது, இந்தப் பொத்தலை அடக்காதாக்கும்?" ஒழுக்கு நின்றுதான் போயிற்று. தெருவில் ஒருவர் விடாமல் கூட்டி வந்து காட்டினார். நிறைமாதமாயிருந்த அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரமே அவளுக்கு வலி கண்டது. இரவு முழுக்கத் துடித்தும் குழந்தை இறங்கவில்லை. "இனி என் கையில இல்லீங்க, சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க" என்றாள் மருத்துவச்சி. மாமா காரை ஓட்ட, நான் பின் சீட்டில் அக்காளின் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்தேன். மல்லூரைத் தாண்டியதும் முன்பக்கத்தில் களக் களக்கென்று சத்தம், உலைப்பானை கொதிப்பது போல. மாமா இறங்கிக் காதுகொடுத்துக் கேட்டார். தண்ணீர் குறைந்திருக்கும் என்று கிணற்றிலிருந்து கொண்டுவந்து ஊற்றினார். கொஞ்ச தூரம் போனோம், மறுபடி அதே சத்தம். தொட்டியில் தண்ணீர் தளும்பத்தான் இருந்தது. விசிறிப் பட்டை தளர்ந்திருக்கும் என்று அதை இழுத்துப் பார்த்தார். அதுவும் இல்லை. அந்த வெயிலில் ரோட்டில் வேறு வண்டியே கிடையாது. சீட்டெல்லாம் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

திரும்பவும் மூடியைத் திறந்தார். ஆவி குப்பென்று வந்தது. கண்ணைத் திறக்காமலே அக்காள் கேட்டாள்: "ஏனுங்க, பாவுக்குக் கஞ்சி காய்ச்சறாங்களா? ஊடு வந்துருச்சுங்களா?"

அந்தக் கஞ்சி வாடை மூக்கில் ஏறியதும்தான் மாமாவுக்கு விளங்கியது. கஞ்சி பொத்தலோடு நிற்கவில்லை. உள்ளே தண்ணீர் ஓடுகிற மெல்லிய குழாய்களையும் அடைத்திருந்தது. எஞ்சினைக் குளிர வைக்க வேண்டிய தண்ணீர் நகர வழியில்லாமல் நின்ற இடத்திலேயே கொதித்தது. அடியிலிருந்த திருகாணியைக் கழற்றிவிட்டு, குடம் குடமாக ஊற்றிக் கழுவினார். கூழ் கூழாக இறங்கியது. கை வெந்து தோல் உரிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. "வந்துருச்சு சாமி, வந்துருச்சு" என்று அக்காளிடம் நான்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைத்தான் காப்பாற்ற முடிந்தது. "கொஞ்சம் முன்னால வந்திருந்தா..." என்று ஆரம்பித்த நர்சம்மா, மாமாவின் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு தெருவில் கஞ்சி காய்ச்சுகிற நாட்களில் அவர் ஊரிலேயே இருக்கமாட்டார். எனக்கு அவர்மேல் வெகுகாலம் ஆத்திரம் இருந்தது. முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

அன்றைக்குப் பிறந்தவளை நான்தான் வளர்த்தேன். அம்மா பிரசவத்தில் போனாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். நேற்று அலமாரியைத் துடைக்கும்போது மூடியை எடுத்து, புளி போட்டுத் தேய்க்கப் போனாள்.

"உள்மரையில வெள்ளையா என்னமோ காஞ்சு ஒட்டியிருக்குதுங்க சித்தி?"

"கஞ்சி சாமி. தேய்க்காத, இருக்கட்டும்."

அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"ஒரு வாசமும் இல்லீங்களே" என்றாள்.