இடப்பக்கம் ஜூலி

ஃபரீஹாவுக்குத் தனியாக ஆட வராது என்பது புதுச்சேரியில் டென்னிஸ் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். அவளுக்கே தெரியும். ஒற்றையர் ஆட்டத்தில் முதல் சுற்றைத் தாண்டிவிட்டால் அன்று வீட்டில் பிரியாணி. கால் வேகம் போதாது. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடி எடுப்பதற்குள் மூச்சு இரைத்துவிடும். ஆனால் வலைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் அவள் வேறு ஆள். எதிராளி கையை ஓங்கும்போதே பந்து எங்கே வரும் என்று தெரிந்துவிடும். ராக்கெட்டைச் சும்மா நீட்டினாற்போல் இருக்கும். பந்து அந்தப் பக்கம் செத்து விழும்.

இதை முதலில் கவனித்தவள் ஜூலி. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லாமேரியின் மகள், ஃபரீஹாவின் வயதுதான். ஜூலியின் சர்வ் ஆண்பிள்ளைகளையே பயமுறுத்தும். ஆனால் தனியாக நின்றால் கோபம் வந்துவிடும். கோபம் வந்தால் அழுகை வந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு பந்தும் உள்ளே விழாது. ஒரு ஜூனியர் போட்டியில் இருவரும் காலையிலேயே தோற்றுப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உன்னால ஓட முடியல. என்னால ஒத்தையா நிக்க முடியல," என்றாள் ஜூலி. "ரெண்டு பேரும் சேந்து ஆடுனா இன்னா?"

அன்று மதியமே பெயர் கொடுத்தார்கள். கோப்பையையும் வாங்கிவிட்டார்கள்.

வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் வயது வந்தபோது ஃபரீஹாவின் அத்தா பாவா யோசித்தார். நேரு வீதியில் பயணப் பைகள் விற்கிற கடை அவருடையது. ஊரில் பாதிப் பேரை வெளியூர் அனுப்பியவர், தன் மகளை அனுப்பத் தயங்கினார். அம்மா ஜரினாவுக்கோ உடுப்புதான் கவலை. முழங்காலுக்குக் கீழே வரை இறுக்கமான கறுப்புக் கால்சட்டை போட்டு ஆடுவதென்று அது தீர்ந்தது. அத்தாவின் தயக்கம் மட்டும் ஒரு வாரம் ஓடியது. கடைசியில் அவர் ஜூலியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எப்பவும் ரெண்டு பேராதான போவீங்க?"

"ரெண்டு பேரா போனாதான் ஆடவே வுடுவாங்க அங்கிள்."

கடையிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பைகளை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம்.

இரட்டையர் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பெரிய பெயர் கிடைப்பதில்லை. துனிசியாவில் ஒரு வாரம், துருக்கியில் ஒரு வாரம், தாய்லாந்தில் இன்னொரு வாரம். மலிவான அறையில் இருவர், ஒரே மின்கெட்டில், முட்டையும் சோறும். திங்கட்கிழமைதோறும் தரவரிசையைப் பார்ப்பது. ஜோடிகள் சேர்வதும் பிரிவதும் அங்கே தினசரிச் சேதி. பாதிப் பேருக்கு அடுத்த வாரம் யாருடன் ஆடுவோம் என்றே தெரியாது. இவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. இன்னொரு வசதியும் இருந்தது. மற்ற ஜோடிகள் ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு கிசுகிசுப்பார்கள். இவர்கள் கோட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகச் சத்தமாகவே பேசிக்கொள்வார்கள். தமிழ் யாருக்குப் புரியப்போகிறது?

பிரான்சில், லியோன் நகரத்திலிருந்து ரயிலில் போகிற ஒரு சின்ன ஊரில், அது புரிந்துவிட்டது.

எதிரே ஆடிய ஜோடியில் ஒருத்தி பச்சைப் பாவாடை போட்ட கறுத்த, ஒல்லியான பெண். பெயர் எலோடி. ஆப்பிரிக்காக்காரியாக இருக்கும் என்று இவர்களாக நினைத்துக்கொண்டார்கள். ஜூலி வழக்கம்போலப் பின்னாலிருந்து கத்தினாள். "பச்சைப் பாவாடைக்கு பேக்ஹேண்ட் சுத்தமா வரல. அவ மேலயே போடு!" ஃபரீஹா அப்படியே போட்டாள். அந்தப் பெண்ணோ முன்கூட்டியே தயாராக நின்று பந்தை நடுவில் அடித்துத் துளைத்தாள். "தூக்கிப் போடுறேன், நீ பின்னால வா," என்றால் அவளும் பின்னால் போய்விடுகிறாள். முதல் செட் போயே போய்விட்டது. அதைவிட விநோதம், பார்வையாளர் வரிசையில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கம் மாறும்போது எலோடி அவர்களைக் கடந்துபோனாள். போகிற போக்கில் கொச்சைத் தமிழில் சொன்னாள்.

"அக்கா, எனக்கு பேக்ஹேண்ட் நல்லாவே வரும்."

ஜூலி தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டாள்.

அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். ஆனால் வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். எலோடியின் அம்மா நிர்மலா. நிர்மலாவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"நான் கதிர்காமம்டி! எங்க வூட்டு மாடியில இருந்து பாத்தா உங்கம்மா வேலை செய்ற ஆஸ்பத்திரி தெரியும்," என்றாள், அம்மா அங்கே நர்ஸ் என்று சொன்ன ஜூலியிடம். பிறகு ஃபரீஹா பக்கம் திரும்பி, "வூட்டுக்கு வாங்க. மீன் வாங்கிவெச்சிருக்கேன். கறி வேணாம்னுதான், ஹலால் கடைக்குப் பக்கத்து ஊர் போவணும்," என்றாள். ஆட்டப் பட்டியலில் பெயரைப் பார்த்தபோதே அதை யோசித்திருக்கிறாள். அதன்பிறகு பிரான்சுக்குப் போகிற வருஷமெல்லாம் அவள் வீடுதான் இவர்களுக்குத் தங்குமிடம்.

மூன்றாவது வருஷம், ஃபரீஹாவுக்கு இருபத்தேழு வயதில், அது நடந்தது.

அதே பகுதியில் ஒரு போட்டி. அரையிறுதி. ஜூலி தூக்கிப்போட்ட லாப் உயரம் போதவில்லை. எதிரே நெட்டையான ஒருத்தி ஓடிவந்து முழுப் பலத்தோடு இறங்கினாள். ஃபரீஹா வலையோரம் நின்றிருந்தாள். எந்தப் பந்தும் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிகிற அவளுக்கு அந்தப் பந்து மட்டும் தெரியவில்லை. இடது கண்ணில் நேராக விழுந்தது. வலியைவிட, கண்ணுக்குள் ஒரு கறுப்புத் திரை கீழிருந்து மெதுவாக ஏறியதுதான் அவளைக் கலங்கவைத்தது.

ஜூலி மண்ணில் முட்டிபோட்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் தூக்குனது பத்தல ஃபரீ. நான் தூக்குனது பத்தல," என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

விழித்திரை கிழிந்திருந்தது. அன்றே அறுவை சிகிச்சை. நிர்மலா எலோடியோடு காரில் விரைந்து வந்து சேர்ந்தாள். டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுத் தமிழில் சொன்னாள். புதுச்சேரிக்கு வீடியோவில் பேசி ஜரினாவின் அழுகையை நிறுத்தியதும் அவள்தான். கிழிந்த இடம் ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் வாயு அடைத்திருந்தார்கள். அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. முதல் சில நாட்கள் குப்புறவே படுத்திருக்க வேண்டும்.

"எங்க வூட்ல இருப்பா," என்றாள் நிர்மலா. யாரும் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

முகம் வைக்க ஓட்டை உள்ள கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்தார்கள். ஃபரீஹா அதில் கவிழ்ந்து படுத்து மரத்தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நிர்மலா தரையில் உட்கார்ந்து கஞ்சியை உறிஞ்சுகுழலில் கொடுத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். தொழுகை நேரத்தைக் கைபேசியில் பார்த்துச் சொன்னாள். குனிந்து நிமிராமல் படுத்தபடியே தொழுதுகொள் என்று ஜரினா சொல்லியிருந்தாள்.

ஜூலி நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அடுத்த வாரப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. ஃபரீஹா தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீ போ. எலோடியைக் கூட்டிக்கினு போ. இங்க உக்காந்து என் முதுகையே பாத்துகினு இருந்தா கண்ணு சரியாயிடுமா?"

போனார்கள். ஜெயித்துக்கொண்டே போனார்கள். இறுதி ஆட்டத்தன்று நிர்மலா கைபேசியைக் கட்டிலுக்கு அடியில், ஃபரீஹாவின் முகத்துக்கு நேர்கீழே தரையில் வைத்தாள். ஒற்றைக் கண்ணால் அவள் பார்த்தாள். அவள் நிற்க வேண்டிய இடத்தில் எலோடி நின்றாள். "உன்னுது! வுடாத!" என்று ஜூலி கத்துவது கேட்டது. அந்தக் குரல் இத்தனை வருஷம் தனக்கு மட்டும் என்று நினைத்திருந்தது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கோப்பையை வாங்கும்போது ஜூலி கேமராவைத் தேடிப் பிடித்து, தன் இடது கண்ணைத் தொட்டுக்காட்டிக் கும்பிட்டாள். ஃபரீஹாவின் நல்ல கண்ணிலிருந்து நீர் சொட்டி கைபேசித் திரையில் விழுந்தது.

"கண்ணு வலிக்குதாம்மா?" என்று பதறினாள் நிர்மலா.

"இல்ல ஆன்ட்டி. வலி இல்ல."

பொறாமையும் சந்தோஷமும் ஒன்றாக வந்ததை அவளால் எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கோப்பையில் பாதி நிர்மலாவின் மகளுடையது. அந்த அம்மாவோ ஆட்டத்தைப் பார்க்கப் போகாமல் இங்கே தரையில் உட்கார்ந்திருந்தாள். அது உறைத்தபோது முள் கொஞ்சம் கழன்றது.

கண் பிழைத்தது. ஆனால் இடது ஓரத்தில் ஒரு பகுதி திரும்ப வரவில்லை. ஊருக்கு வந்தபிறகு டாக்டர்கள் ஆடலாம் என்று சொல்ல மாதங்கள் ஆயின. அந்த ஆண்டு முழுக்க ஜூலி எலோடியோடு ஆடினாள். ஃபரீஹாதான் அப்படிச் சொல்லியிருந்தாள். தரவரிசையில் ஜூலி மேலே மேலே போனாள். மழைக்காலத்தில் ஊர் திரும்பியவள் பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக ஃபரீஹா வீட்டுக்கு வந்தாள்.

"நாளைக்கு கோர்ட்டுக்கு வா."

"எலோடிகூட பெரிய போட்டிக்கெல்லாம் பேரு வருதே. இப்ப போய் என்கூட எதுக்குடி?"

"அவ நல்லா ஆடுறா. ஆனா அவ பக்கத்துல நின்னா நான் யோசிச்சு ஆடணும். உன் பக்கத்துல யோசிக்கவே தேவையில்ல." பையைத் தரையில் இறக்கினாள். "அவகிட்ட சொல்லிட்டேன். அக்கா வரட்டும்னுதான் காத்திருந்தேன்னு சொல்றா அந்தப் பொண்ணு. அவளுக்கு வேற ஆள் கெடைச்சாச்சு."

மறுநாள் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஃபரீஹா வலையருகே போய் நின்றாள். அத்தாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். ஜூலி அவளுக்கு எதிரே நிற்காமல் பக்கத்தில் வந்து தோளோடு தோள் நின்றாள். பந்துக்கூடையை பாவாவிடம் கொடுத்து, கையால் எறியச் சொன்னாள். அவர் ஒரு பந்தை எடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். கை எழவில்லை.

"என்னால முடியாதும்மா," என்று கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

ஜரினா கூடையை இழுத்துக்கொண்டாள். "வுடுங்க, நான் எறியறேன்." துப்பட்டியை இறுக்கிச் செருகிக்கொண்டு முதல் பந்தை வீசினாள். சற்றும் மெதுவாக இல்லை. ஃபரீஹா கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பந்து தோளில் பட்டு உருண்டது.

"தொறடி கண்ணை! அல்லா குடுத்ததை மூடிக்கவா வெச்சிருக்க?"

அடுத்ததும் பட்டது. அதற்கடுத்ததை ஜூலி கை நீட்டித் தடுத்தாள். "இடப்பக்கம் வர்றதெல்லாம் என்னுது. நீ அதைப் பாக்காத. நேரா வர்றதை மட்டும் பாரு," என்றாள். ஜரினா எறிந்துகொண்டே இருந்தாள். அழுதுகொண்டே எறிந்தாள் என்பது ஃபரீஹாவுக்குக் கண்ணைத் திறந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது. அந்தப் பந்தை அவள் தொட்டாள். அது வலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. பாவா கைதட்டிவிட்டார்.

அன்றிலிருந்து இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். அதுவரை இடப்பக்கம் ஆடியவள் ஃபரீஹா, இனி வலப்பக்கம். நடுவில் வருகிற பந்தெல்லாம் ஜூலிக்கு. பழகிய இடத்தை இந்த வயதில் மாற்றுவது லேசில்லை. முதல் மாதங்களில் ராக்கெட்டும் ராக்கெட்டும் மோதிக்கொண்டன. காயத்தால் விலகியவர்களைப் பழைய தரவரிசையில் சேர்த்துக்கொள்கிற சலுகையை வைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். முதல் சில போட்டிகளில் தோல்விதான். கோடையில் போர்ச்சுகலில் ஒரு கோப்பை வந்தது. மறு ஆண்டு அதுவரை வாசல்கூடப் பார்க்காத பெரிய போட்டி ஒன்றில் இடம் கிடைத்தது. பெயர்ப்பலகையில் தங்கள் பெயரை ஜூலி நின்று படித்துக்கொண்டிருந்தாள். முதல் சுற்றை ஜெயித்து, இரண்டாம் சுற்றில் நன்றாக ஆடித் தோற்றார்கள். புதுச்சேரியில் ஸ்டெல்லாமேரி வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். ஜரினா அக்கம்பக்கத்துக்கெல்லாம் தம்ரூட் இனிப்பு கொடுத்தாள். தோற்றதற்கா என்று கேட்டவர்களிடம், "ஆடுனதுக்கு," என்றாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நிர்மலா ஊருக்கு வந்தாள். கதிர்காமத்துப் பிறந்த வீட்டில் இறங்கிய மறுநாளே ஜரினா ஆட்டோவில் போய் அவளை அழைத்து வந்துவிட்டாள். முந்தின இரவெல்லாம் என்ன பேசுவது, எப்படி நன்றி சொல்வது என்று ஃபரீஹாவிடம் ஒத்திகை பார்த்திருந்தாள். நிர்மலா எதிரே உட்கார்ந்ததும் அந்த ஒத்திகை எதற்கும் உதவவில்லை. ஜரினா தரையில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னாக்கா இது! எழுந்திரிங்க," என்று நிர்மலா பதறினாள். "எம் பொண்ணும் ஊர் ஊரா போறா. எங்கயாவது யாராவது அவளைப் பாத்துக்க மாட்டாங்களா?"

ஃபரீஹா சமையலறை வாசலில் தட்டோடு நின்றிருந்தாள். பக்கத்தில் ஜூலி, தட்டில் இருந்த வறுத்த மீனை அதற்குள் ஒன்று எடுத்துவிட்டிருந்தாள். தனியாக ஆடத் தெரியாமல் போனதற்கு இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஃபரீஹாவுக்குத் தோன்றியது. சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டாள். பிறகு தட்டைக் கொண்டுபோய் நிர்மலாவுக்குப் பரிமாறினாள்.